மேடை நடுக்கத்துக்குக் கண்ணாடி மருந்தாகுமா?

மெய்நிகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சில முறை வாசித்தால் போதும், இசைக் கலைஞரின் மேடை நடுக்கம் பறந்துவிடும் என்ற தொனியில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. ஆதாரத்தைத் தேடினால் அகப்படுபவை சிறிய ஆய்வுகள். கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 17 இசை மாணவர்கள். அவர்களிலும் ஒரு பகுதியினருக்கே ஒரு மணி நேர அமர்வுகளாக ஆறு முறை பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் வாசிப்பு மேம்பட்டது. ஆனால் பயம் தெளிவாகக் குறைந்தது, ஏற்கெனவே நிறையப் பயந்தவர்களுக்கும் பெண்களுக்கும் கற்பனைக் காட்சியில் சுலபமாக ஒன்றிவிடுகிறவர்களுக்கும்தான். இதைக் குணமாதல் என்று சொல்வது மிகை. அதற்காக இந்த முறையை ஒதுக்கிவிடவும் கூடாது. அதன் உண்மையான பயன், மேடையேறுமுன் திரைக்குப் பின்னால் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது.

பொம்மைக் கூட்டம் என்று தெரிந்த பிறகு யார் பயப்படுவார்கள் என்று கேட்கலாம். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 11 வயலின் மாணவர்கள், திரையில் தெரிந்த மூன்று நடுவர்கள்முன் வாசித்தார்கள். தலையில் மாட்டும் கண்ணாடி எதுவும் இல்லை. ஆனால் காத்திருக்கும் அறை இருந்தது; அங்கே அரங்கத்தைக் காட்டும் சிறு திரை இருந்தது; மேடை நிர்வாகியாக ஒருவர் நின்று, எல்லாம் தயாரா என்று விசாரித்து உள்ளே அனுப்பினார். மாணவர்களில் ஏழு பேரிடம் அளந்து பார்த்ததில், மெய்யான நடுவர்கள்முன் வாசித்தபோது ஏற்பட்ட பதற்றமும் இதயத் துடிப்பின் போக்கும் இங்கேயும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. படத்தின் துல்லியத்தைவிட, அழைப்புக்குக் காத்திருக்கும் சடங்கைத்தான் உடம்பு நம்புகிறது என்பது என் கணிப்பு.

அந்தக் காத்திருப்பில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மெதுவாக மூச்சு விடுவது. பாட்டி வைத்தியம்போலத் தோன்றினாலும் இதன் பின்னணி அபாரமானது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும். விடும்போது வேகஸ் நரம்பு அதைத் தணிக்கும். இன்னொரு பக்கம், கழுத்துத் தமனியிலும் மகாதமனி வளைவிலும் உள்ள உணரிகள் இரத்த அழுத்தம் ஏறினால் மூளைக்குச் சேதி சொல்ல, மூளை இதயத்தை மெதுவாக்குகிறது. சேதி போய், இதயம் தணிந்து, அழுத்தம் இறங்கி, மறுபடி ஏற ஏறக்குறைய பத்து விநாடி பிடிக்கிறது. ஆக, இது பத்து விநாடிக்கு ஒருமுறை போய் வரும் ஊஞ்சல். நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை மூச்சு வாங்குகிறவர், ஊஞ்சல் எதிரே வரும்போதெல்லாம் கை நீட்டி முட்டிக்கொள்கிறார். ஆறு முறை மூச்சு விடுகிறவரோ, அது திரும்பும் நொடி பார்த்து விரலால் தள்ளுகிறார். வீச்சு பெருகிக்கொண்டே போகிறது. ஊஞ்சலுக்கு ஊஞ்சல் சங்கிலியின் நீளம் வேறு என்பதும் பொருந்துகிறது: உயரமானவர்களுக்குத் தாளம் இன்னும் நிதானம்; ஒருவருக்கு நிமிடத்துக்கு ஐந்து மூச்சு, இன்னொருவருக்கு ஆறரை.

சிட்னி பல்கலைக்கழகத்தினர் 2012-இல் 46 இசைக் கலைஞர்களிடம் இதைச் சோதித்தார்கள். அரை மணி நேரம் இப்படி மூச்சு விட்டதிலேயே, அதிகம் பதறுகிறவர்களின் பதற்றம் குறைந்தது. இதயத் துடிப்பைத் திரையில் காட்டும் கருவியோடு செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. கருவி விற்பவர்கள் இந்த வரியைச் சொல்லமாட்டார்கள்.

மாத்திரை இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. பாப்லோ காஸல்ஸ் போன்ற செல்லோ மேதையையே வாழ்நாளெல்லாம் விடாத நடுக்கம் இது என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதே. 1977-இல் மருத்துவ ஆய்வாளர் இயன் ஜேம்ஸின் குழுவினர் ஆக்ஸ்பிரெனலால் என்ற பீட்டா தடுப்பு மருந்தைக் கொடுத்துத் தந்தி வாத்தியக்காரர்களின் கை நடுக்கத்தைக் குறைத்துக் காட்டியதும் பழைய கதை. அட்ரினலின் தசையைத் தூண்டுவதை அது தடுப்பதால், நீண்ட சுரத்தில் வில் அதிர்வது அடங்கும். ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரை எந்தப் பழக்கத்தையும் கற்றுத் தருவதும் இல்லை.

மூச்சைப் பழகிக்கொள்ளலாம், ஆனால் வீட்டுக் கூடத்தில் மட்டும் பழகினால் பதறும் வேளையில் கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. வாசிக்கத் தொடங்கிய பின் புல்லாங்குழல்காரருக்கு மூச்சு அவர் வசத்தில் இல்லை, இசையின் வசத்தில் இருக்கிறது. ஆகவே இதயம் ஏற்கெனவே படபடக்கும் அந்தக் காத்திருப்பிலேயே பழக வேண்டும். நிஜத் தேர்வை வாரம் மூன்று முறை யாரும் நடத்தித் தரமாட்டார்கள். தோற்றால் இழப்பும் பெரிது. பொய்த் தேர்வுக்கு ஒரு அறை, ஒரு திரை, பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் போதும். இதை எந்த இசைப் பள்ளியும் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.