இருநூறு சாட்சிகள்

லத்தீன் வழிபாட்டு இசை – 6

சென்ற இதழில், பதினோராம் நூற்றாண்டில் அரெத்ஸோ நகரத்துக் குய்தோ என்னும் துறவி கோடுகளைக் கிழித்து அவற்றின்மேல் ஸ்வரங்களை நிறுத்தக் கற்றுக்கொடுத்ததையும், அதுவரை குருமுகமாகவே பயின்றுவந்த ஆலயப் பாட்டை ஏட்டைப் பார்த்தே பாடலாம் என்ற நிலை அதனால் பிறந்ததையும் பார்த்தோம். ஏட்டில் ஏறிவிட்ட பாட்டுக்கு இனி அழிவில்லை என்று எண்ணத் தோன்றும். நடந்ததோ வேறு. நெஞ்சில் இருக்கும் பாட்டைத் திருத்துவதற்குப் பாடுகிறவனுடைய சம்மதம் வேண்டும். ஏட்டில் இருக்கும் பாட்டைத் திருத்தப் பேனா ஒன்று போதும்.

அந்தப் பேனா 1577ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டது. பூசைப் பாட்டுகளில் மண்டிக்கிடந்த அநாகரிகங்களைக் களைய வேண்டும் என்று பதின்மூன்றாம் கிரகோரி பாப்பரசர் பலெஸ்திரினா, ஸோய்லோ என்ற சங்கீத விற்பன்னர் இருவருக்குக் கட்டளையிட்டார். அநாகரிகம் என்று அக்காலத்துப் பண்டிதர்கள் கருதியது எது என்பதை அறிந்தால் நமக்கு வியப்பே உண்டாகும். பழைய கீதத்தில், அழுத்தமில்லாத கடைசி அக்ஷரத்தின்மேல் பத்து, இருபது, சில சமயம் அதற்கும் மேற்பட்ட ஸ்வரங்கள் கொடிபோல் படர்ந்து செல்லும். மறுமலர்ச்சிக் கால இலக்கணத்தில் ஊறிய செவிகளுக்கு அது லத்தீன் பாஷைக்கே இழைத்த துரோகமாகப் பட்டது. அழுத்தமுள்ள அக்ஷரத்துக்குத்தான் அலங்காரம் என்று விதி செய்து, மற்றவற்றைக் கத்தரித்துத் தள்ளினார்கள். அந்த முயற்சி இடையில் நின்றுபோயிற்று. பலெஸ்திரினாவும் 1594இல் காலமானார். பின்னர் அனேரியோ, சொரியானோ என்ற இருவர் அதே நோக்கத்தோடு செப்பனிட்ட நூல் 1614, 1615 ஆண்டுகளில் ரோமாபுரியில் மெடிசி அச்சகத்திலிருந்து வெளிவந்தது. இதைச் செய்தவர்கள் மூடர்கள் அல்லர். தம் காலத்துச் சிறந்த சங்கீத விற்பன்னர்கள். ஒரு கலைக்கு அதை அறியாதவர்களால் வரும் கேட்டைவிட, வேறொரு கலையை நன்றாக அறிந்தவர்களால் வரும் கேடு பெரிது என்பது என் அபிப்பிராயம்.

இனி பிரான்ஸ் தேசத்துக்கு வருவோம். புரட்சியின்போது துறவிகள் விரட்டப்பட்டு மடங்கள் பாழாகிக் கிடந்த அந்நாட்டில், ஸார்த் நதிக்கரையில் சொலெம் என்ற சிற்றூரிலிருந்த பழைய மடம் ஒன்றில், கெராஞ்சே என்னும் இளங்குரு 1833ஆம் ஆண்டில் அர்ச். ஆசீர்வாதப்பருடைய சபையை மறுபடியும் தொடங்கினார். ரோமாபுரியின் வழிபாட்டு முறையைப் பழுதின்றி அனுசரிக்க வேண்டும் என்பது அவருடைய விரதம். அம்முறையைக் கையில் எடுத்தவருக்கு, அதனோடு பிறந்த பாட்டு எங்கே என்ற கேள்வி எழாமல் இருக்குமா? சுவடிகளைப் பார்த்துப் பிரதி எடுக்கும் வேலையைத் தம் துறவிகளிடம் ஒப்படைத்தார். அவர்களுள் பொத்தியே என்பவர் 1880இல் கிரகோரியன் கீதம் எனப்படும் இந்த ஆலயப் பாட்டைப் பற்றிய ஆராய்ச்சி நூல் ஒன்றையும், 1883இல் சுவடிகளைத் தழுவிய பூசைப் பாட்டுப் புத்தகம் ஒன்றையும் வெளியிட்டார்.

இங்கே வியாபாரம் குறுக்கிட்டது. ஜெர்மனியில் ரெகன்ஸ்பர்க் நகரத்துப் புஸ்டெட் என்னும் அச்சகத்தார் பழைய மெடிசிப் பதிப்பையே புதுப்பித்து அச்சிட்டு, முப்பதாண்டுக் காலத்துக்குத் தனியுரிமையும் பெற்றிருந்தார்கள். அதைப் பரிசோதித்துக் கொடுத்த ஹாபெர்ல் என்ற பண்டிதர் பலெஸ்திரினாவின் பரம பக்தர். அது அம்மேதையின் கைப்பட்டது என்று மனப்பூர்வமாக நம்பியவர். சொலெம் துறவிகளை நோக்கி அந்தக் கட்சியார் விடுத்த வாதம் சாமான்யமானதன்று. சுவடிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, கோடில்லாத பழங்குறிகளை வாசிக்க இன்று யாராலும் முடியாது, ஆகவே ஆதி கீதம் என்று நீங்கள் காட்டுவது உங்கள் கற்பனையே என்றார்கள்.

இதற்கு விடை சொல்லப் புறப்பட்டவர் பொத்தியேயின் மாணாக்கரான மொக்ரோ. துறவு பூணுமுன் செல்லோ வாத்தியம் பயின்றவர் அவர். தர்க்கத்துக்குத் தர்க்கம் என்று இறங்காமல், சுவடிகளையே பேச விடுவது என்று தீர்மானித்து, 1889ஆம் ஆண்டில் சுவடிகளின் புகைப்படப் பிரதிகளைத் தொகுதி தொகுதியாக வெளியிடத் தொடங்கினார். முதல் தொகுதியில் ஸ்விட்ஸர்லாந்தின் செயின்ட் கால் மடத்துச் சுவடி ஒன்று முழுமையாக வந்தது. அடுத்த இரண்டு தொகுதிகளில் அவர் செய்த காரியம் புதுமையானது. நீதிமானைப் பனைக்கு ஒப்பிடும் சங்கீத வசனத்துக்கு அமைந்த, நிருப வாசகத்துக்குப் பின் பாடப்படும் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதை ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரை பல தேசங்களிலும் எழுதப்பட்ட இருநூற்றுக்கு மேற்பட்ட சுவடிகளிலிருந்து படம் பிடித்து வரிசையாக வைத்தார். அந்த மெட்டு வேறு பல வாசகங்களுக்கும் பயன்பட்டது என்பதால், இதில் கிடைக்கும் தீர்ப்பு அவற்றுக்கும் செல்லுபடியாகும்.

வாசகர்கள் அந்தப் பக்கங்களைச் சற்றே மனக்கண்ணால் பார்க்க வேண்டும். மூத்த சுவடிகளில் கோடே கிடையாது. வாசகத்துக்கு மேலே சாய்ந்த கீறல்கள், புள்ளிகள், கொக்கிகள். நியூம் எனப்படும் இவை குரல் ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு ஏறுகிறது என்று சொல்லமாட்டா. பாட்டை முன்பே அறிந்தவனுக்கு ஞாபகமூட்டவே அவை ஏற்பட்டன. பின்வந்த சுவடிகளிலோ கோடுகளின்மேல் ஸ்வர ஸ்தானங்கள் திட்டமாக நிற்கின்றன; ஆனால் குரலின் நெளிவு சுளிவுகள் அங்கே மறைந்துவிட்டன. இளையதை மூத்ததற்கு அடியில் வைத்து அக்ஷரம் அக்ஷரமாக ஒப்பிட்டால், ஒன்று மறைப்பதை மற்றொன்று சொல்லிவிடுகிறது. இவற்றுக்கிடையே பாலமாக, 1847இல் மோன்பெல்லியே நகரத்து வைத்தியக் கல்லூரிப் புத்தகசாலையில் தான்ஷூ என்பவர் கண்டெடுத்த பதினோராம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றும் இருந்தது. அதில் பழங்குறிகளும் ஸ்வரங்களைக் காட்டும் எழுத்துகளும் ஒருங்கே எழுதப்பட்டிருந்தன.

சுவடிகள் முரண்படுகின்றன என்ற வாதம் இத்துடன் தீர்ந்தது. பாடபேதங்கள் இல்லாமல் இல்லை. ஆயினும் நூற்றாண்டுகளாலும் மலைகளாலும் பிரிந்துகிடந்த மடங்களில், ஒருவரையொருவர் கண்டறியாத எழுத்தர்கள் எழுதிவைத்தது அடிப்படையில் ஒரே கீதம் என்பதை, இசை தெரியாதவர்கள்கூடப் படத்தைப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அச்சகத்தாரின் தனியுரிமை காலாவதியானபோது ரோமாபுரி அதைப் புதுப்பிக்கவில்லை. 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி, இசைவாணர்களின் பாதுகாவலியான அர்ச். செசிலியம்மாளின் திருநாளன்று, பத்தாம் பத்திநாதர் பாப்பரசர் பழைய கீதத்தை ஆலயங்களில் மீண்டும் நிலைநாட்டும்படி கட்டளை பிறப்பித்தார். இந்த வெற்றிச் செய்தி வந்தபோது சொலெம் துறவிகள் சொலெமில் இல்லை. பிரெஞ்சு அரசாங்கம் 1901இல் இயற்றிய சட்டத்தின் காரணமாக நாட்டைவிட்டு வெளியேறி, இங்கிலாந்தின் தென்கரையோரமுள்ள வைட் தீவில் வசித்துவந்தார்கள், 1922இல்தான் திரும்பினார்கள்.

புதிய பதிப்புக்காக ரோமாபுரியில் அமைந்த குழுவில் குருவும் சீடரும் எதிரெதிராக நின்றதுதான் விந்தை. பொத்தியே தலைவர், இடைக்காலம் முழுவதும் உயிரோடு இயங்கிவந்த மரபுக்கும் இடம் தரவேண்டும் என்பது அவர் கொள்கை. மிக மூத்த சுவடிகளின் சாட்சியமே முடிந்த முடிபு என்றார் மொக்ரோ. 1905இல் தீர்ப்பு பொத்தியேயின் பக்கம் கிடைத்தது. 1908இல் பூசைப் பாட்டுப் புத்தகம் அவர் கருத்துப்படி வெளிவந்தது.

ஸ்வர விஷயத்தில் சுவடியைத் தவிர வேறெதையும் நம்பாத மொக்ரோ, லய விஷயத்தில் அந்த நெறியைக் காக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். ஸ்வரங்கள் எல்லாம் சம அளவுடையவை, அவை இரண்டாகவும் மூன்றாகவும் சேர்ந்து நடக்கின்றன என்று ஒரு சித்தாந்தத்தை வகுத்து, அதற்கென்று அடையாளங்களையும் தம் பதிப்புகளில் சேர்த்தார். உலகமெங்கும் பாடகர் குழுக்கள் அந்த அடையாளங்களைப் பார்த்தே பாடப் பழகின. ஆனால் அவரே படம் பிடித்துக் காட்டிய செயின்ட் கால் சுவடியின் நியூம்களோ, இங்கே விரைக, இங்கே நிறுத்துக என்று சிற்றெழுத்துகளாலும் கீற்றுகளாலும் வேறொரு கதை சொல்லிக்கொண்டிருந்தன. அதைக் கேட்டவர் அதே மடத்தைச் சேர்ந்த கார்தீன். நியூமின் வடிவமே லயத்தைக் காட்டுகிறது என்று ரோமாபுரியில் பல ஆண்டுகள் போதித்து, தம் மடத்துப் பெரியவரின் சித்தாந்தத்தை மரியாதையோடும் தயவு தாட்சண்யமின்றியும் அவர் தகர்த்தார். 1979இல் சொலெம் மடமே வெளியிட்ட பதிப்பில், சதுர ஸ்வரங்களுக்கு மேலே லான் நகரத்துச் சுவடி ஒன்றின் குறிகள் கறுப்பிலும், கீழே செயின்ட் கால் மரபின் குறிகள் சிவப்பிலும் அச்சாகியிருக்கின்றன. பாடுகிறவர் மூன்றையும் ஒருசேரப் படித்துத் தம் குரலை நடத்திக்கொள்ள வேண்டியதுதான்.

(தொடரும்)