அக்னாபிரெக் பாறைச் செதுக்கல்கள்

இந்தப் பாறையை வழவழப்பாக்கியவை பனியாறுகள். இதில் குழிகளும் வளையங்களும் செதுக்கியவர்கள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் வாழ்ந்த புதிய கற்கால மக்கள். ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியில், கில்மார்ட்டின் பள்ளத்தாக்கைச் சுற்றி இத்தகைய பாறைகள் ஏராளம். அவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று இது.

ஒரு குழியைக் கூர்ந்து பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். சிலவற்றில் நடுக்குழியிலிருந்து ஒரு கோடு வளையங்களை வெட்டிக்கொண்டு சரிவில் இறங்குகிறது. மிகப் பெரிய வளையத்தின் விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர். உலோகக் கருவி எதுவும் இல்லை. கல்லால் கல்லைக் கொத்திக் கொத்தியே இவ்வளவும் செய்திருக்கிறார்கள். எத்தனை பொறுமை, எத்தனை நிதானமான கை!

விண்மீன்களின் வரைபடம், எல்லைக்குறி, சடங்கு என்று விளக்கங்கள் பல சொல்லப்பட்டாலும் எதுவும் உறுதியாகவில்லை. செதுக்கியவர்கள் எழுத்து எதையும் விட்டுச்செல்லவில்லை.

உச்சிவெயிலில் கோடுகள் மங்கிவிடும். காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும்போது வந்தால் ஒவ்வொரு வளையமும் நிழல்கட்டி எழும்பி நிற்கும். மழைநீர் தேங்கிய குழிகளும் தெளிவாகத் தெரியும்.

பாறைமீது ஏறாதீர்கள். பாசியைச் சுரண்டாதீர்கள்; அதோடு செதுக்கலும் தேய்ந்துவிடும்.