வேலிக்கு இந்தப் பக்கம் – 9: தாத்தா நடந்த தூரம்

‘இவ்வளவு விளக்கம் எதற்கு? ஊருக்குள் வந்த சிறுத்தையைப் பிடித்துக் காட்டில் விட்டால் முடிந்தது கதை’ என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முடியாது. அதைச் சொல்ல ஒரு தாத்தாவின் கதை இருக்கிறது.

2009 கோடையில் மகாராஷ்டிராவின் அகமதுநகர் மாவட்டத்தில், டாக்ளி டோகேஷ்வர் கிராமத்துக் கிணறு ஒன்றில் வயதான ஆண் சிறுத்தை விழுந்துவிட்டது. மேலே ஏற்றிய பிறகு அதற்கு ‘ஆஜோபா’ என்று பெயர் வைத்தார்கள். மராத்தியில் தாத்தா. விலங்கியலாளர் வித்யா ஆத்ரேயாவின் குழு அதன் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்ட, வனத்துறை மால்ஷேஜ் காட் மலைப்பகுதியில் விட்டது. நல்ல காடு. தாத்தா அங்கே தங்கவில்லை.

நடக்க ஆரம்பித்தார். பகலில் புதரில் படுக்கை, இரவில் நடை. கசாரா ரயில் நிலையத்தைக் கடந்தார், நெடுஞ்சாலையைத் தாண்டினார், வசாய் தொழிற்பேட்டையை ஒட்டிப் போனார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் 120 கிலோமீட்டர். மும்பையின் விளிம்பில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் நாக்லா பகுதியில் போய்த்தான் நின்றார். இத்தனை ஊர்களைக் கடந்தும் வழியில் ஒருவரையும் அவர் தொடவில்லை.

ஊரிலிருந்து பிடித்ததைக் காட்டில் விட்டால் அது ‘வீட்டுக்குப்’ போய்விட்டதாக நாம் நினைக்கிறோம். சிறுத்தைக்கோ காடு என்பது பொதுப்பெயர். வீடு என்பது தனக்குத் தெரிந்த ஓடை, தன் மோப்பம் பதிந்த மரம், தான் அறிந்த ஒற்றையடிப் பாதை.

இதை மறந்ததற்குப் புணே மாவட்டத்து ஜுன்னர் கொடுத்த விலை பெரிது. அணைகள் வந்து பாசனம் பெருகியதும் அங்கே கரும்பு பரவியது. ஏறத்தாழ ஓராண்டுக்கு ஆள் நுழையாத, ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்த பயிர். சிறுத்தை குட்டி போட இதைவிட வசதியான இடம் ஏது? 1993 முதல் 2001 வரை அந்த வனக்கோட்டத்தில் மனிதர்மீது நடந்த தாக்குதல் ஆண்டுக்குச் சராசரியாக 4. 2001 பிப்ரவரியில் தொடங்கி 29 சிறுத்தைகளைப் பிடித்து, சராசரியாக 40 கிலோமீட்டர் தள்ளி, அக்கம்பக்கத்துக் காடுகளில் விட்டார்கள். அதன் பிறகு தாக்குதல் ஆண்டுக்கு 17 ஆனது. இறந்தவர்களின் விகிதமும் கூடியது. வித்யாவும் சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட கட்டுரை சொல்லும் கணக்கு இது. கவனியுங்கள்: விட்ட இடங்களை ஒட்டியே தாக்குதல் பெருகியது.

காரணம் புரியாததல்ல. கூண்டில் மனிதக் கூட்டத்தின் நடுவே மிரண்டு, கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்ட மிருகம், முன்பின் தெரியாத மண்ணில் இறக்கப்படுகிறது. அங்கே ஏற்கெனவே வேறு சிறுத்தைகள் ஆள்கின்றன. அது பிடிபட்ட இடமும் நெடுநாள் காலியாக இருக்காது. இளசு ஒன்று குடியேறிவிடும். தெரிந்த ஒன்றை அனுப்பிவிட்டு, இரண்டு ஊருக்கும் அந்நியர்களை வரவழைத்ததுதான் மிச்சம்.

அப்படியென்றால் என்ன செய்வது? தாத்தா கிணற்றில் விழுந்த அதே மாவட்டத்தின் அகோலே வட்டாரத்தில் ஒரு குறிப்பு கிடைக்கிறது. காடே இல்லாத வயல்வெளி. சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அங்கே தானியங்கி கேமரா வைத்துப் பார்த்தால் 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 சிறுத்தைகள்! எச்சத்தை ஆராய்ந்ததில், தின்ற இறைச்சியில் 39 விழுக்காடு நாய். ஆடு 11 விழுக்காடுதான். இத்தனைக்கும் நாயைப் போல ஏழு மடங்கு ஆடுகள் அந்த ஊர்களில் உண்டு. ஆட்டுக்குப் பகலில் மேய்ப்பவர் துணை, இரவில் பட்டி. நாய்க்குத் தெருதான் எல்லாமே.

ஆகப் பட்டிக்கதவு வேலை செய்கிறது. குப்பைமேடு நாயை அழைக்கிறது; நாய் சிறுத்தையை அழைக்கிறது. குப்பையை அள்ளுவது, கொல்லைப்புறத்தில் விளக்குப் போடுவது, வீட்டோடு கழிப்பறை கட்டுவது, இருட்டில் குழந்தையைத் தனியே அனுப்பாதது. இவையெல்லாம் பஞ்சாயத்து வேலைகள், துப்பாக்கி கேட்காதவை. சுமார் 104 சதுர கிலோமீட்டர் பூங்காவைச் சுற்றி நகரம் நெருக்கும் மும்பையில், 2011-இல் வனத்துறையும் ஆய்வாளர்களும் குடிமக்களும் கைகோத்து இந்தப் பாடத்தைத்தான் மக்களிடம் சொன்னார்கள்.

இதனால் எல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. 2025-லும் ஜுன்னர் வனக்கோட்டத்தில் சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் ‘சேர்ந்து வாழுங்கள்’ என்று உபதேசம் செய்ய யாருக்கும் வாய் வராது. ஆளைக் கொன்ற விலங்கைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கரும்புக்குள் வால் தெரிந்ததற்கெல்லாம் கூண்டு வைத்து, அதை இன்னொரு ஊரின் எல்லையில் இறக்கினால், அடுத்த துக்கவீட்டின் முகவரியை நாமே எழுதுகிறோம்.

தாத்தாவுக்கு என்ன ஆனது? 2011 டிசம்பரில், மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில் வசாய் அருகே வாகனம் மோதி இறந்த சிறுத்தை ஒன்றைச் சோதித்தபோது, உடலில் பொருத்தியிருந்த சில்லின் எண்ணை வைத்து அடையாளம் கண்டார்கள். ஆஜோபாதான். இரண்டரை ஆண்டுக்குப் பிறகும், தானே நடந்து சேர்ந்த அந்தக் காட்டை ஒட்டித்தான் இருந்திருக்கிறார்.

(அடுத்த வாரம்: வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளின் பின்வாசல்)

தொடரும்