பித்தளைக் குரல்கள் – 9: அல்டோனாவின் ஆர்ம்ஸ்ட்ராங்

போன வாரம் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் உதட்டில் நிறுத்தியிருந்தோம். ட்ரம்பெட்டுக்குச் சீவாளி கிடையாது. ஊதுகிறவனின் உதடுதான் சீவாளி. நாதஸ்வரக்காரர் ஒன்று கெட்டால் இன்னொன்றை மாட்டிக்கொள்வார். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அந்த வசதி இல்லை. உச்ச ஸ்தாயியிலேயே வருஷக்கணக்காக ஊதி உதடு வெடிக்கும். களிம்பு தடவிக்கொண்டு மறுபடி ஊதுவார். ஒரு கையில் ட்ரம்பெட், மறு கையில் வெள்ளைக் கைக்குட்டை. அந்தக் கைக்குட்டை, கரகரத்த குரல், முகம் கொள்ளாத சிரிப்பு எல்லாவற்றையும் பம்பாய் மேடைக்கு அப்படியே கொண்டுவந்த ஒருவர்தான் இந்த வாரத்து ஆள்.

வீட்டில் வைத்த பெயர் அந்தோனியோ சேவியர் வாஸ். ஊர் அறிந்த பெயர் சிக் சாக்லெட். 1916ல் கோவாவின் அல்டோனா கிராமத்தில் பிறந்தார். பையன் மெக்கானிக் ஆகிப் பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பையனுக்கோ ட்ரம்பெட்.

கோவாவில் அது பெரிய அதிசயமில்லை. போர்த்துகீசியர் ஆட்சியில் ஒவ்வொரு பங்குக் கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே இசை ஆசிரியர் பிள்ளைகளுக்கு முதலில் ஸ்வரம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பார்; பிறகு வயலினோ பித்தளை வாத்தியமோ கைக்கு வரும். பூசைக்கு வாசிக்கத்தான் அந்தப் படிப்பு. ஆனால் எழுதிவைத்த இசையைப் பார்த்ததும் வாசிக்கத் தெரிந்த ஆளுக்கு பிரிட்டிஷ் இந்தியா முழுக்க வேலை இருந்தது. ராஜா வீட்டு பேண்டு, ரெஜிமென்ட் பேண்டு, கப்பல், மௌனப் படக் கொட்டகை, ஹோட்டல் என்று கோவாக்காரர்கள் போகாத இடமில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் ஒரு நாதஸ்வரப் பரம்பரையையே வளர்த்ததைப் போல, அங்கே மாதாகோயில் ஒரு பேண்டு வாத்தியப் பரம்பரையை வளர்த்துவிட்டது.

அந்தப் பிள்ளைகளின் காதில் ஜாஸ் விழுந்தது இசைத்தட்டு வழியாக. 1935ல் அது நேரிலேயே வந்தது. லியோன் ஆபி என்ற கறுப்பின அமெரிக்க வயலின்காரர் தன் குழுவோடு பம்பாய் தாஜ்மஹால் ஹோட்டலுக்கு வந்தார். அடுத்த ஆண்டு அவர் திரும்பி வந்தபோது, பிற்காலத்தில் பாரிஸில் பெரும் பெயரெடுத்த பில் கோல்மன் ட்ரம்பெட் வாசித்தார். கிரிக்கெட் ஸ்மித் என்ற மூத்த ட்ரம்பெட்காரர் தாஜிலேயே தனிக் குழு நடத்தி, 1936ல் பம்பாயில் இசைத்தட்டும் போட்டார். சொந்த நாட்டில் பல ஹோட்டல்களின் முன்வாசல் வழியாக நுழைய முடியாதவர்கள் இவர்கள். இங்கே தாஜின் மேடை அவர்களுக்குக் கிடைத்தது. அதே தாஜில் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு நடுவே இந்தியர்களின் நிலை எப்படி இருந்தது என்பது வேறு கதை.

பிறகு போர் வந்தது, அமெரிக்கர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். காலியான நாற்காலிகளில் கோவாக்காரர்கள் உட்கார்ந்தார்கள். நாற்பதுகளில் ‘சிக் அண்டு தி மியூசிக் மேக்கர்ஸ்’ தாஜில் ஆட்டம்போட வைத்த குழு. ‘இந்தியாவின் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்’ என்ற பட்டம் சிக் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு அந்தப் பட்டத்தின்மேல் அவ்வளவு மதிப்பில்லை. ‘இந்தியாவின் இன்னார்’ என்று ஒருவரை அழைத்துவிட்டால், அவர் தன் பங்குக்கு என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. தாஜ் மேடையில் சிக் செய்தது நல்ல நகல். அவருடைய அசல், ஹிந்தி சினிமாப் பாட்டுக்குள் இருக்கிறது.

அந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1941ல் ‘வனமோகினி’ என்று ஒரு தமிழ்ப் படம் வந்தது, கே.தவமணி தேவியும் எம்.கே.ராதாவும் நடித்தது. இயக்கியவர் மராத்திக்காரர் பகவான். இசை சி.ராமச்சந்திரா, அவர் இசையமைப்பாளராகத் தொடங்கியதே தமிழ்ப் படங்களில்தான். பத்து வருஷம் கழித்து, 1951ல், அதே இருவரும் சேர்ந்து ‘அல்பேலா’ எடுத்தார்கள். ராமச்சந்திராவுக்கு உதவியாளராக இருந்த சிக் இந்த முறை திரைக்குள்ளேயே வந்தார். ‘ஷோலா ஜோ பட்கே’ பாட்டில் கியூபா பாணிச் சுருக்கு வைத்த சட்டை போட்டு வாசிக்கிறார்களே, அது சிக்கின் குழுதான். பாங்கோ, கிளாரினெட், ட்ரம்பெட் எல்லாம் சேர்ந்து துள்ள, முன்னால் பகவானும் கீதா பாலியும் ஆடுவார்கள். பகவானின் அந்த அலட்டிக்கொள்ளாத ஆட்டத்தை இன்றைக்கும் வட இந்தியக் கல்யாண வீடுகளில் பார்க்கலாம்.

மெட்டு ராமச்சந்திராவுடையது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் மெட்டு மட்டும் பாட்டாகிவிடாது. எந்த வாத்தியம் எங்கே நுழைவது, எது எதற்குக் கீழே ஒலிப்பது என்றெல்லாம் தாளில் எழுதி, இருபது முப்பது பேரை ஒரே மூச்சில் வாசிக்கவைக்க ஆள் வேண்டும். பம்பாயில் அந்த வேலையைப் பெரும்பாலும் கோவாக்காரர்கள் செய்தார்கள். சம்பளம் ரெக்கார்டிங் கணக்கில். இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் பாடகர் பெயர் இருக்கும், படத்தின் பெயர் இருக்கும். ட்ரம்பெட் ஊதியவரின் பெயருக்கு அந்த வட்டத்தில் இடம் இருந்ததில்லை.

இதைக் கொடைக்கானல் மலைக் கிராமமான பள்ளங்கியில் உட்கார்ந்து யோசிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. ஹோட்டல் வாத்தியக்காரர்களின் வாழ்க்கையில் கோடை என்றால் மலை. துரைமார் மேலே ஏறினால் பேண்டும் கூடவே ஏறும். ஆனால் அவர்கள் ஏறிய மலை மசூரி. நம் கொடைக்கானலை 1845ல் தொடங்கிவைத்தவர்கள் மதுரை அமெரிக்க மிஷனரிகள். 1901ல் அவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடமும் வந்தது. காய்ச்சலுக்குப் பயந்து மலையேறிய பாதிரிமார்களின் ஊரில் விடியவிடிய நடனத்துக்கு எங்கே இடம்? போதாக்குறைக்கு 1948ல் மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. பம்பாய்க்கும் மதுவிலக்கு வந்து மேடைகளை அடித்தது, ஆனால் அங்கே வாத்தியக்காரர்களைத் தாங்கிக்கொள்ள ஸ்டூடியோக்கள் இருந்தன.

மசூரியில் இன்னொரு ட்ரம்பெட்காரருக்கு நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. ஃபிராங்க் ஃபெர்னாண்ட். இவரும் கோவா. 1946ல் மசூரியில் வாசித்துக்கொண்டிருந்தபோது, அங்கே வந்து தங்கியிருந்த காந்தியைச் சந்தித்தார். ஜாஸும் காந்தியும்! ஆனால் அந்தச் சந்திப்புக்குப் பிறகு, அமெரிக்கர்களைப் போலவே வாசிப்பது எதற்கு, இந்தியத்தன்மையோடு ஜாஸ் வாசித்தால் என்ன என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அவரும் பம்பாய் சினிமாவில்தான் பிழைத்தார். அதில் சம்பாதித்ததை வைத்துக் கொங்கணியில் இரண்டு படம் தயாரித்தார்: 1963ல் ‘ஆம்ச்செம் நொசிப்’, 1966ல் ‘நிர்மோன்’. இரண்டாவது படம் அடுத்த வருஷமே ஹிந்தியில் ‘தக்தீர்’ ஆனது. சிக் கடைசிவரை ஆர்ம்ஸ்ட்ராங்கின் சீடர். ஃபிராங்க் கொஞ்சம் முரண்டு பிடித்தவர். கேட்க சுகம் சிக்தான், ஆனால் மரியாதை எனக்கு ஃபிராங்கிடம் ஒரு படி கூடுதல்.

பள்ளங்கியில் கல்யாணம் என்றால் பேண்டு செட் கீழேயிருந்து ஏறி வரவேண்டும். தை மாதப் பனியில் வேனைவிட்டு இறங்கியதும் யாரும் ஊதத் தொடங்குவதில்லை. குழாய்க்குள் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். ட்ரம்பெட்காரர் வால்வு மூன்றையும் அழுத்திப் பிடித்துச் சத்தமே வராமல் உள்ளே வெறும் மூச்சை விட்டுக்கொண்டிருப்பார். பித்தளை சூடேற வேண்டும். அப்படியும் இறங்கியே நின்றால் ட்யூனிங் ஸ்லைடை ஒரு நூல் உள்ளே தள்ளுவார். பூண்டு வயல் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிற பையன்களுக்கு இது வித்தை. பிறகு எம்.எஸ்.வி. பாட்டு ஒன்றை எடுப்பார்கள். பாட்டுக்கு நடுவே வருகிற ட்ரம்பெட் துண்டு பிசிறில்லாமல் வரும். பல வருஷம் காதால் கேட்டே பிடித்தது. சென்னை ஸ்டூடியோவில் அதை முதலில் ஊதியவர் யார் என்று கேட்டால், “அது எம்.எஸ்.வி. சார் பாட்டுங்க” என்பதுதான் பதிலாக இருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாட்டுப் புத்தகத்திலும் அதேதான் போட்டிருந்தார்கள்.

சிக்கின் முகத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ‘ஆக்ரி கத்’ இருக்கிறது. சேத்தன் ஆனந்த் இயக்கி 1966ல் வந்தது, கய்யாமின் இசை. அதில் நடித்த ராஜேஷ் கன்னா பிறகு சூப்பர் ஸ்டாராகப் போகிறார் என்று யாருக்கும் தெரியாத நேரம். ‘ருத் ஜவான் ஜவான்’ என்று பூபிந்தர் சிங் ஒரு கிளப்பில் பாடுவார். கேமரா அவரை விட்டுவிட்டு ட்ரம்பெட்காரரிடம் போகும், அவர்தான் சிக். வாசிப்பில் அல்பேலாவின் துள்ளல் இல்லை, அவசரமும் இல்லை. ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, விடும்போது லேசாக வழியவிடுகிறார். மறுவருஷம் மே மாதம் பம்பாயில் இறந்துபோனார். வயது 51.

(அடுத்த வாரம்: ‘ஆம்ச்செம் நொசிப்’ படத்துக்கு இசையமைத்த மட்காவ் கிறிஸ் பெர்ரியும், அவர் மேடையேற்றிய பாடகி லோர்னாவும்.)