பிரேக் ஆயில் எங்கே போகிறது?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்கள் வீட்டில் அரிசி டின் சீக்கிரம் காலியாகும்! ஆனி, ஆடி இரண்டு மாதமும் உறவுக்காரர்கள் வருகைதான். இந்த வருஷம் எங்கள் வீட்டில் அரிசியோடு இன்னொன்றும் குறைந்துகொண்டே வந்தது. காரில் பிரேக் ஆயில்!

எங்களுடையது மின்சாரக் கார். வீட்டிலேயே ராத்திரி சார்ஜ் போட்டுவிடுவோம். மே மாதம் ஒரு நாள், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிந்தது. ஹாண்ட் பிரேக்கை இறக்கிவிட்ட பிறகும் அணையவில்லை. ஸர்வீஸுக்குக் கொண்டுபோன இடத்தில், "ஆயில் குறைஞ்சிருக்கு மேடம்" என்று ஊற்றி நிரப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி விளக்கு. மறுபடியும் ஊற்றினார்கள். எங்கே போகிறது என்று அவர்களும் பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். நல்லெண்ணெய், கடலெண்ணெய் மாதிரி செலவாகிற சாமான் இல்லை இது. நாம் பெடலை மிதிக்கும் அழுத்தத்தை, மூடிய குழாய்க்குள் இருக்கும் இந்த ஆயில்தான் நான்கு சக்கரத்துக்கும் கொண்டு போகிறது. அது குறைந்தால் இரண்டே காரணம். பிரேக் பேடு தேயத் தேய ஆயில் அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கும். அது மாதக்கணக்கில் நடப்பது. வாரக்கணக்கில் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம்.

பெட்ரோல் கார் என்றால் கால் காட்டிக் கொடுத்திருக்கும். பெடல் கீழே இறங்குவது தினமும் தெரியும். மின்சாரக் காரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வேகத்தை இழுத்துப் பிடித்து, அந்தச் சக்தியைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. 2001-ல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா காரிலேயே இந்த ஏற்பாடு உண்டு. ஊருக்குள் ஓட்டும்போது பிரேக்கை மிதிக்கிற வேலையே அதிகம் இல்லை. 'பேடு தேயாது, செலவு மிச்சம்' என்று நானும் பெருமை பேசினவள்தான்! ஆனால் பாட்டரி முழுக்க நிரம்பியிருந்தால் அந்த இழுவை குறைந்துவிடும், திருப்பி அனுப்ப அங்கே இடம் ஏது? அவசரத்துக்கு நிறுத்தவும் கால் பிரேக்தான் வேண்டும்.

சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. மறுநாள் காலை செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவுக்குப் போவதாக ஏற்பாடு. விடியற்காலை வாசல் தெளிக்கப் போனவள், பின்பக்க இடது சக்கரத்தடியில் ஈரம் பார்த்தேன்.

"ஏ.சி. தண்ணியா இருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஏ.சி. தண்ணீர் முன்பக்கம் அல்லவா சொட்டும்? சக்கரத்தின் உட்புறத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்று, லேசாக மஞ்சள். தண்ணீர் என்றால் காய்ந்துவிடும், இது காயவில்லை. பாட்டரியைக் குளிர்விக்கும் கூலன்ட் பச்சை, நீலம், சிவப்பு என்று சாயம் போட்டிருக்கும். என்ஜின் ஆயில் என்பதே இந்தக் காரில் கிடையாது. பிறகு மிச்சம் எது?

வண்டியை நகர்த்தாமலே 'ஆன்' செய்து, பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் பிடிக்கச் சொன்னேன். கால் மெல்ல மெல்லக் கீழே போயிற்று. இவர் முகம் மாறிவிட்டது. வெளியே சொட்டே இல்லாமல் இப்படிப் பெடல் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கோளாறு இருக்கலாம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பயணம் ரத்து. நாத்தனாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்கு அனுப்பி வைத்தோம்.

குற்றாலம் ரோட்டில் பிரேக் வேலை செய்கிற தம்பியை வீட்டுக்கே வரவழைத்தோம். "இத ஓட்டிட்டு வந்துராதீங்கக்கா" என்று போனிலேயே எச்சரித்தார். வந்ததும் ஜாக்கி எங்கே வைக்க வேண்டும் என்று கார்ப் புஸ்தகத்தில் பார்த்துவிட்டுத்தான் தூக்கினார். வண்டிக்கு அடியில் பூராவும் பாட்டரி; கண்ட இடத்தில் முட்டுக் கொடுத்தால் அதற்குச் சேதம். ஆரஞ்சு நிற ஒயர்களின் பக்கம் யாருமே கை கொண்டுபோகக் கூடாதாம்.

டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் நெம்பினார். பொலபொலவென்று ஆயில் வழிந்தது. உள்ளே துரு அரித்துப் புள்ளி புள்ளியாகக் குழி. இந்த ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. நம் ஊர்ச் சாரலைக் கேட்க வேண்டுமா! பிரேக்கும் அதிகம் அசையாமல் கிடந்தால் துருப்பிடிக்க வசதி. குழி ரப்பர் வாஷரை அறுத்துவிடுகிறது. புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்காது. ஈரம் ஏறியது 155 டிகிரி அளவுக்கே இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஒழுகாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றச் சொல்வது இதனால்தான்.

புது சிலிண்டர் போட்டார். ஆயில் ஊறிய பிரேக் ஷூவைக் கழுவிப் போட முடியாது என்று இரண்டு பக்கமும் புதிது. பிறகு பழைய ஆயில் முழுவதையும் வெளியேற்றி, ஸீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றி, ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை எடுத்தார். இவர் மிதிக்க, அவர் திருக! சில மின்சாரக் கார்களில் காற்றெடுக்கக் கம்ப்யூட்டர் கருவி மாட்ட வேண்டுமாம். அப்படிப்பட்டதைக் கம்பெனி ஸர்வீஸுக்குத்தான் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். எந்த ஆயில் என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கிறது. அவசரத்துக்கென்று வேறு எந்த எண்ணெயையும் ஊற்றினால் ரப்பர் உப்பிப் பிரேக்கே போய்விடும். பெயின்டில் பட்டால் உரிந்துவரும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

மொத்தச் செலவு ஒரு பட்டுப்புடவை விலைகூட இல்லை. ஸர்வீஸில் இரண்டு முறை கேட்காமல் இருந்ததற்குத்தான் என்னை நானே நொந்துகொண்டேன்.

மறு வாரம் ஆரியங்காவு போய் வந்தோம். நல்ல மழை. கோட்டைவாசல் தாண்டி புளியரை இறக்கத்தில் இவர் இரண்டு மூன்று இடத்தில் வேண்டுமென்றே பிரேக்கை மிதித்துப் பார்த்தார். இப்போது சனிக்கிழமை ராத்திரி தோறும் காருக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைக்கிறேன். காலையில் கறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோலம். "வாசல்ல என்னம்மா குப்பை?" என்று அத்தை தினமும் கேட்கிறார்கள்.