வண்ணம் கற்றுத்தந்த ஆசிரியர்

ஓவியப் பாடவேளையைக் கடன் வாங்கிக் கணக்கு நடத்தியவன் நான். குன்னூரில் ஒரு மாணவி கேட்ட கேள்வி அந்தப் பழக்கத்தை மாற்றியது.

கல்விச் சுற்றுலாவில் 'லேடி கேனிங் சீட்' என்ற காட்சிமுனைக்குச் சென்றிருந்தோம். "லேடி கேனிங் யாரு சார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேம்மா" என்றேன்.

தேடிப் படித்தேன். இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த கேனிங் பிரபுவின் மனைவி சார்லட் அவர். 1858இல் நீலகிரியில் தங்கியிருந்தார். இந்தியாவின் நிலக்காட்சிகளையும் பூக்களையும் நீர்வண்ணத்தில் ஏராளமாகத் தீட்டியிருக்கிறார். அவருக்கு ஓவியம் கற்பித்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து ஓவியர் வில்லியம் லேட்டன் லீட்ச். அவருடைய வாழ்க்கைதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது.

லீட்ச் 1804இல் கிளாஸ்கோவில் பிறந்தார். முதலில் வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. மனம் ஓவியத்தில் இருந்தது. இரவு நேரங்களில் நண்பர் டேனியல் மக்னியுடன் சேர்ந்து வரைந்து பழகினார். பிறகு வீடுகளுக்கு வர்ணம் பூசுபவரிடம் தொழில் பழகினார். 1824இல் கிளாஸ்கோ நாடக அரங்கில் காட்சித் திரைகள் தீட்டும் வேலை கிடைத்தது. அரங்கு நொடித்துப்போனதும், இரண்டாண்டுகள் மூக்குப்பொடி டப்பாக்களின் மேல் படம் வரைந்து பிழைத்தார்.

அடுத்து லண்டன். அங்கும் நாடகத் திரைகள்தான். ஆனாலும் புகழ்பெற்ற நீர்வண்ண ஓவியர் காப்லி ஃபீல்டிங்கிடம் சில பாடங்கள் கற்றார். 1833இல் இத்தாலிக்குப் புறப்பட்டவர், அங்கே தானும் வரைந்து, பிறருக்கும் கற்பித்து, 1837இல் திரும்பினார். அதன்பின் ஓவிய ஆசிரியராகவே பெயர் பெற்றார். மாணவியான லேடி கேனிங் அவரைப் பற்றி அரசியிடம் எடுத்துச் சொல்ல, 1846இல் விக்டோரியா அரசியே அவருக்கு மாணவியானார். அரசிக்கு 22 ஆண்டுகள் கற்பித்தார். 1862இல் லண்டன் நீர்வண்ண ஓவியர் கழகத்தில் உறுப்பினராகி, நெடுங்காலம் அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். 1883இல் மறைந்தார்.

சுவர், திரை, டப்பா என எதையும் அவர் இழிவாக நினைத்து விட்டுவிடவில்லை. அகன்ற திரையில் கை வீச்சையும், உள்ளங்கை அளவு டப்பாவில் நுணுக்கத்தையும் அந்த வேலைகளே பழக்கியிருக்க வேண்டும்.

நீர்வண்ணம் பொறுமையைக் கேட்கும் கலை. தாளின் வெண்மையே அதில் வெளிச்சம். முதலில் இளநிறம் பூசி, அது காய்ந்தபின் அடர்நிறத்தைப் பூச வேண்டும். அவசரப்பட்டால் நிறங்கள் கலங்கிவிடும். அழித்து எழுதுவது எளிதல்ல. கணக்கில் அடுத்தடுத்த படிகளை அவசரமாகத் தாண்டிச் சென்ற என் வகுப்புகள் நினைவுக்கு வந்தன.

சுற்றுலா முடிந்து வந்ததும் அந்த மாணவிக்குப் பதில் சொன்னேன். "அப்போ அந்த சாருக்கு ராணியம்மாவே ஸ்டூடண்ட்டா?" என்று வியந்தாள். அடுத்த ஓவியப் பாடவேளையில் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றை மட்டும் கொடுத்து, கறுப்பே இல்லாமல் ஒரு மலை வரையச் சொன்னோம். மூன்றையும் கலந்து நிழலுக்கான சாம்பல் நிறத்தை முதலில் கண்டுபிடித்தவன், என் கணக்கு வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவன். எந்த நிறத்தை எவ்வளவு சேர்த்தான் என்று விகிதக் கணக்காகவே விளக்கினான்.

இப்போது நான் ஓவியப் பாடவேளையைக் கடன் வாங்குவதில்லை. நீங்களும் உங்கள் பள்ளியில் இந்த மூன்று நிறச் செயல்பாட்டைச் செய்து பாருங்கள்.