பலூனுக்கு ஏன் விடிகாலை வேண்டும்?

2025 ஜனவரியில், 10 முதல் 12 வரை, நம் திருவிடந்தையில் சர்வதேச பலூன் திருவிழா நடந்தது. அதற்குப் பிறகு திருப்போரூரில் நண்பர்கள் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடுகிறது: “பலூன்ல பறக்கப் போறவங்களை ஏன்யா மார்கழிக் குளிர்ல நாலு மணிக்கே எழுப்புறாங்க? வெயில் வந்தப்புறம் சாவகாசமா பறந்தா என்ன?” கேள்வி நியாயமானது. பதில் கொஞ்சம் நீளம். இன்னொரு டீ சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பலூனைத் தூக்குவது நெருப்பு என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் தூக்குவது எடை வித்தியாசம். காற்றுக்கும் எடை உண்டு. 20 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1,200 கிராம் இருக்கும். அதையே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் காற்று விரிந்து, அதே இடத்தில் 950 கிராம்தான் தங்கும். மிச்சப்படும் 250 கிராம்தான் தூக்கும் சக்தி. நாலைந்து பேர் ஏறும் பலூன் சுமார் 3,000 கன மீட்டர் கொள்ளும். கணக்குப் போட்டால் 750 கிலோ. துணி, பிரம்புக் கூடை, பர்னர், கேஸ் சிலிண்டர்கள் எல்லாமாக 350 கிலோவைக் கழித்தால், ஆட்களுக்கு 400 கிலோ கிடைக்கிறது.

இப்போது பத்து மணி வெயிலுக்கு வாருங்கள். வெளிக்காற்று 30 டிகிரி ஆகிவிட்டால் அதன் எடையே குறைந்துவிடும். அதே பலூன், உள்ளே அதே 100 டிகிரி. ஆனால் நூறு கிலோ தூக்கும் சக்தி காணாமல் போயிருக்கும். கூடையிலிருந்து ஒருவரை இறக்கிவிட வேண்டியதுதான். “உள்ளே இன்னும் சூடேற்றலாமே” என்று கேட்பீர்கள். பலூன் துணி நைலான். 120 டிகிரி வாக்கில் அதன் எல்லை வந்துவிடும்; அதற்கு மேல் போனால் துணி கெடும். ஆக, வெளியே அடிக்கும் குளிர் பைலட்டுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் எரிபொருள்.

குளிரைவிடப் பெரிய காரணம் அமைதி. இரவெல்லாம் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போய் அசையாமல் படுத்திருக்கும். விடிகாலையில் இந்தக் கடை அடுப்புப் புகையைப் பாருங்கள், நேராக மேலே போகும். ஒன்பது மணிக்கு மேல் பார்த்தால் அலைக்கழியும். வெயில் ஏற ஏறச் சூடான காற்று திட்டுத்திட்டாக மேலெழுகிறது. பருந்து இறக்கை அசைக்காமல் வட்டமிட்டு ஏறுவது அதில்தான். பருந்துக்கு அது வசதி. பலூனுக்கு ஆபத்து, பைலட் கேட்காமலே தூக்கும், கேட்காமலே இறக்கும். தரையில் கிடத்தி, பெரிய மின்விசிறியால் காற்றடிக்கும்போதுகூட, அவ்வளவு பெரிய துணியில் சின்னக் காற்று பட்டாலும் நாலு பேர் சேர்ந்து பிடித்தாலும் நிற்காது.

இன்னொன்று, பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. பைலட்டின் கையில் இருப்பது ஏற்றமும் இறக்கமும் மட்டுமே. ஆனால் நூறடி உயரத்தில் காற்று ஒரு பக்கமும் ஐந்நூறடியில் வேறு பக்கமும் வீசும். தேவையான காற்று இருக்கும் அடுக்குக்கு ஏறியோ இறங்கியோ போய் அதன் போக்கில் நகர்வதுதான் அந்தக் கலை. கிளம்புமுன் கைக்கு அடங்கும் ஒரு ஹீலியம் பலூனை விட்டு, அது எந்தெந்த உயரத்தில் எப்பக்கம் திரும்புகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நம் ஊரின் சிக்கல் இங்கேதான் வருகிறது. விடிகாலையில் இந்தக் கரையில் வீசுவது பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று. கட்டுமரத்தில் பாய் விரித்த காலத்தில் மீனவர்கள் அந்தக் காற்றில்தான் கடலுக்குப் போனார்கள், பகலில் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். திருப்போரூரிலிருந்து நெம்மேலிக் கடல் சில கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரப் பறப்பு என்று பலூனை அவிழ்த்துவிட்டால், பாதி நேரத்திலேயே வங்கக்கடல் வந்துவிடும். தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம், வடக்கே தாம்பரம் விமானப்படைத் தளமும் மீனம்பாக்கமும். எனவே இந்தக் கரையில் பலூனைக் கயிற்றில் கட்டி, கொஞ்ச உயரம் ஏற்றி இறக்குவதே சரி. பலருக்கு அது ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சவுக்குத் தோப்புக்கு மேலே எழும்பி, ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயையும் ஒரே பார்வையில் பார்ப்பது இந்த ஊர்க்காரர்களுக்கே புதிது.

அவிழ்த்துவிட்டுப் பறக்க வேண்டுமானால் பொள்ளாச்சி. 2015 முதல் அங்கேதான் இந்தத் திருவிழா வளர்ந்தது. சுற்றிலும் இறங்க வயல்வெளி உண்டு. ஆனால் தை மாதத்தில் கீழைக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே தள்ளும். 2025 ஜனவரியில் அங்கே எழுந்த ஒரு பலூன் குழந்தைகளுடன் எல்லை தாண்டி, பாலக்காட்டு மாவட்டத்து வயலில் பத்திரமாக இறங்கியது. செய்தித்தாள்கள் ‘திசைமாறிய பலூன்’ என்று எழுதின. பலூன் திசைமாறவில்லை, காற்று போன வழியில் போனது.

இந்தக் கலை பழையது. 1783 நவம்பரில் பாரிஸில் இரண்டு பேர் முதன்முதலாகப் பலூனில் பறந்தபோது எரித்தது வைக்கோல். கேஸ் பர்னரோடு இன்றைய வடிவத்தை 1960இல் அமெரிக்கர் எட் யோஸ்ட் பறக்கவிட்டுக் காட்டினார். நம்மவர் விஜய்பத் சிங்கானியா 2005 நவம்பர் 26 அன்று மும்பையிலிருந்து கிளம்பி 21 கிலோமீட்டர் உயரம் தொட்டார், அறுபத்தேழு வயதில். வெப்பக்காற்று பலூனில் அதுவரை யாரும் அவ்வளவு உயரம் போனதில்லை.

நண்பர்களோடு போகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், கால் குளிரில் விறைத்தாலும் தலைக்கு மேல் பர்னர் அனல் அடிக்கும். இறங்கும்போது முழங்காலை மடக்கி, கூடைக்குள் இருக்கும் பிடிகயிற்றைப் பிடியுங்கள். தரை தொட்டதும் குதித்துவிடாதீர்கள். ஒருவர் குதித்தால் அவர் எடை குறைந்து, மற்றவர்களோடு பலூன் மறுபடி மேலே கிளம்பிவிடும்.

நாலு மணிக்கு எழுந்து போன பிறகு, “இன்று காற்று சரியில்லை, பறக்க முடியாது” என்று பைலட் சொன்னால் தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். அவர் சொன்னதுதான் முடிவு.